கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த நாள்

மக்களே, நேற்று சின்னவள் சுவரில் மாட்டியிருக்கும் பாராட்டு விழாப் படத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, என்ன துடைச்சாலும் இந்தக் கறுப்புப் புள்ளி போவ மாட்டேங்கு" என்றாள். நான் வெளியே போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் பிள்ளைகள் உங்களுக்கு எழுதுகிறேன்.

காயல்பட்டினம் கடற்கரையில் நாங்கள் மூன்று பேர் உயிர்காப்பாளர்கள். குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. நான் பத்தமடையில் ஆற்றில் நீச்சல் பழகியவன். ஆறு ஒரு பக்கமாகத்தான் இழுக்கும். கடல் அப்படி இல்லை, கண்ணை எடுத்தால் ஏமாற்றிவிடும்.

ஊர்க்காரர்கள் பிரியமாக எங்களுக்கு விழா எடுத்தார்கள். மணலிலேயே மேடை. சாயங்கால வெயில் எங்கள் முகத்தில் விழ வேண்டும், பின்னால் கடல் தெரிய வேண்டும் என்று போட்டோக்காரர் நாற்காலிகளை ஊரைப் பார்த்துப் போட்டுவிட்டார்.

எங்களில் மூத்தவரிடம், "அண்ணாச்சி, ஒருத்தராவது கீழ நிக்கட்டுமே" என்றேன்.

"ஏலே, மைக்குல சொல்லியாச்சு, யாரும் கடல்ல இறங்க மாட்டாவ. வருசம் பூரா கடலத்தான பாக்குத. இன்னைக்காவது மனுசன் மூஞ்சியப் பாருலே."

உட்கார்ந்தேன். முதுகு கூசியது. அலைச் சத்தத்தை மைக் மூடிவிட்டது. ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. அடுப்புல பால வச்சுட்டு வந்தவரு மாதிரி திரும்புதீங்களே" என்றார் போட்டோக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசினார். "எங்க புள்ளைய எல்லாம் இவங்கள நம்பித்தான் தண்ணியில கால வைக்கிது" என்றார். கைதட்டினார்கள்.

கடலைப் பார்க்க முடியாததால், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் பொன்னாடையில் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு அம்மா மட்டும் எங்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பைய எழுந்தார். என் தோளில் பொன்னாடை விழுந்தது, படமும் எடுத்தாயிற்று. நான் திரும்பி ஓடினேன்.

ஒரு பெண்பிள்ளை. வெளியூர்க் குடும்பம். மைக்கில் சொன்னதற்குப் பிறகுதான் வந்திருக்கிறார்கள். மூழ்குகிறவர்கள் கத்த மாட்டார்கள், மக்களே. அவளும் கத்தவில்லை. நானும் மூத்தவரும் கரைக்கு இழுத்து வந்தபோது மூச்சே இல்லை. மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். அவள் இருமியதும் மூத்தவர் மணலில் உட்கார்ந்து அழுதார்.

பிழைத்துக்கொண்டாள். அவள் அப்பா என்னைக் கும்பிட்டார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாவும் பொன்னாடையையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

பிறகு படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். அதில் நான் கேமராவைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்க்கிறேன். என் தோளுக்குப் பின்னால், அலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புள்ளி அழுக்கு இல்லை. அது அந்தப் பெண்பிள்ளையின் தலை.

இந்த வருசமும் விழா என்கிறார்கள். நான் கீழேதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். "நீ மேல போலே, நான் நிக்கேன்" என்கிறார் மூத்தவர். எங்கள் ரெண்டு பேருக்கும் இப்போது அதில்தான் சண்டை.