நில்லு என்று சொல்பவர்

முதல் மணி அடித்தும் சம்பத்தய்யங்கார் வரவில்லை. அவர் வீட்டிலிருந்து வந்த ஆள், விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றான். கணக்கு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டு நின்றிருந்த எனக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அழுகைகூடப் பிறகுதான் வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் அவரை அறியாதவர் யார்? பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். உற்சவ நாட்களில் பெருமாள் வாகனத்துக்கு முன்னால் நடந்து, நிற்க வேண்டிய இடத்தில் 'நில்லு' என்று குரல் கொடுக்கிற கைங்கரியமும் அவருடையது.

ஒரு நாள் 'கால் எ ஹால்ட்' என்ற இங்கிலீஷ் தொடருக்குப் பையன்கள் "நிற்பது" என்று பொருள் சொல்லிவிட்டார்கள். அவர் விடுவாரா? கடிகாரம் தானாக நின்றுபோனால் அப்படிச் சொல்லக்கூடாதாம். சண்டையோ வேலையோ நடையோ, போதும் என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால்தான் அது பொருந்துமாம். பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கும் அவர் குரல் கேட்டது.

"கருட சேவையிலே தூக்கறவன் வலிக்கிறதுன்னு சொல்ல மாட்டான்டா. முன்னாலே போறவன்தான் திரும்பி அவன் தோளைப் பார்த்துச் சொல்லணும்."

என் மனைவி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த வருஷம் அது. பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயங்காலம் வீட்டில் டியூஷன், பிறகு அவளுக்குக் கஞ்சி, மருந்து. நின்றபடியே கண்ணசந்துவிடுவேன். ஒரு மாலை சம்பத்து நேராக உள்ளே வந்து, என் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஓய், போதும். இறக்கி வையும்."

பையன்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அவள் எழுந்து நடமாடும்வரை கணக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். அவருக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அவர் வராவிட்டால் அவள் எழுந்திருக்குமுன் நானும் படுக்கையில் விழுந்திருப்பேன்.

கடைசி இரண்டு உற்சவங்களிலும் அவருக்கு மூச்சு வாங்கியது. விட்டுவிடும் ஐயா என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொன்னால் கேட்கிற மனுஷரா?

"ஊருக்கெல்லாம் நில்லுன்னு நான் சொல்றேன். என் தோளை நான் எப்படிங்காணும் பார்த்துக்கறது?" என்று சிரித்துவிட்டுப் பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பாலாற்றுக்கு அவரைக் கொண்டு போனபோது நல்ல வெயில். சுமந்தவர்கள் நால்வரும் அவர் தம்பி பிள்ளைகள், சுமந்து பழக்கமில்லாதவர்கள். பாதி வழியில் பாடையை இறக்கி வைப்பது வழக்கம். அந்த இடம் வந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் பழக்கத்தில் அவர் குரலுக்குக் காத்திருந்தார்கள் போலும். முன்னால் நடந்த நான் திரும்பிப் பார்த்தேன். பின்பக்கத்துப் பிள்ளையின் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நில்லு," என்றேன்.

இறக்கி வைத்தார்கள். அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். எத்தனை தரம் சொல்லியும் கேட்காதவர், அப்போதுதான் என் சொல்லுக்கு நின்றார்.