சுபோதினியின் மட்டிச் சாறு

எங்கட கொழும்பு வெள்ளவத்தை பிளட்ஸில சுபோதினியை ஒருத்தரும் குறை சொல்லேலாது. நான் மட்டும் சொல்லுவன். நான் எதிர்வீட்டுக்காறி, என்ர வாய் சும்மா கிடக்காது. யாழ்ப்பாணத்துக் கரையோரப் பெட்டை அவள். மட்டிச் சிப்பி இல்லாமல் சோறு இறங்காது. ஞாயிறு ஞாயிறு கொட்டாஞ்சேனையிலயிருந்து மட்டி விக்கிற பிறெடி ஒரு பை கொண்டுவருவான். ஆத்துவாயில அவனே கிண்டி எடுக்கிறது. அவனை அவளுக்குக் காட்டிவிட்டதே நான்தான்.

அவளின்ர சுத்தம் ஊரறிஞ்சது. மட்டியை உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, மூண்டு தரம் தண்ணி மாத்தி, மண் கக்கவைச்சு, சட்டியின்ர அடியை விரலால தடவிப் பாத்துத்தான் அடுப்பில ஏத்துவாள். மிளகும் உள்ளியும் தட்டிப்போட்ட அந்தச் சாறு முதல்ல மகள் தாரிகாவுக்குத்தான்.

தாரிகாவுக்கு மூண்டு வயசாகியும் பேச்சு வரேல்லை. "அம்மா" எண்டுகூட இல்லை. சுபோதினி என்னட்டை வந்து அழுதாள். மற்றவைக்கு வைத்தியம் சொல்லுறதெண்டால் எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

"பிள்ளைக்குச் சத்துக் காணாதடி. சாறை இன்னும் கூட்டிக் குடு" எண்டன்.

கூட்டினாள். வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாதவள், பிள்ளைக்காகப் பிறெடியிட்டைச் சொல்லி வெள்ளியிலயும் மட்டி எடுப்பிச்சு அவிச்சாள்.

பிறகு டொக்டர் பிள்ளையின்ர இரத்தத்தை எடுத்துப் பாத்தார். ஈயம். என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள் எண்டு கேக்க, இவள் பெருமையாத்தான் சொன்னவள். மட்டியையும் சோதிக்க அனுப்பினவை. அதிலயும் ஈயம், கட்மியம்.

"மட்டி மண்ணைக் கக்கும் அம்மா. ஆத்தில விழுற கழிவிலயிருந்து வாற ஈயம் அதின்ர தசையிலயே நிண்டிடும். எத்தினை தரம் கழுவினாலும் போகாது. அது பிள்ளையின்ர மூளையைத் தாக்கினால் பேச்சுப் பிந்தும்" எண்டார் டொக்டர்.

செய்தி கேட்டு பிறெடி எங்கட படியிலயே குந்திட்டான். அவன்ர வீட்டிலயும் அதுதானே கறி. சுபோதினி என்னை ஒரு சொல் ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மட்டியை விட்டு ஏழு மாசம். மருந்தும் பேச்சுப் பயிற்சியும் நடக்குது. போன ஞாயிறு நான் அங்க இருக்கேக்க தாரிகா குசினிக்குள்ள போய், தன்ர சின்னக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து தாயின்ர மடியில வைச்சாள். வாயைக் கோணிக் கோணித் திறந்தாள்.

"அம்மா" எண்டாள்.

 எத்தினை கோயிலில நேத்தி வைச்சுக் காத்திருந்த சொல்.

"அம்மா, மட்டி."

சுபோதினி அந்த வெறுங்கோப்பையை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு அழுதாள். எனக்கு வாய் திறக்க ஏலாமல் போச்சு. எழும்பி வீட்டை வந்திட்டன்.