புஷ்பம் அக்கா என்னிடம் சொன்ன ரகசியம்

நெருப்பெரிச்சல் வட்டாரத்தில் எந்தச் செய்தியும் முதலில் என் காதுக்கு வந்துவிட்டுத்தான் மற்ற காதுகளுக்குப் போகும். நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் எனக்குப் பட்டப்பெயரே மைக்செட். ஆனால் மரியபுஷ்பம் அக்கா மாரடைப்பில் போய்விட்ட செய்தி மட்டும் எனக்குக் கடைசியாக வந்தது. எப்படிச் சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லையாம். ஒருவழியாகக் கட்டிங் மாஸ்டர் போன் செய்து, "ஏனுங்க, வண்டி ஓட்டீட்டு இருக்கறீங்களா? ஓரமா நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன்.

அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் அங்கே சூப்பர்வைசர். எழுத்து, மற்றவர்களுக்கு நான் கொடுக்கும் உபரித் தொல்லை. ஒருநாள் டீ நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, ஒரு ரகசியம். யார்ட்டயும் சொல்லிராத. நான் பத்தாவது பரீட்சை எழுதப் போறேன்" என்றார். பள்ளியில் கணக்கில் தவறியவர். எங்கே படிப்பைக் கேட்டாலும் 'பத்தாவது பெயில்' என்றே சொல்லவேண்டியிருந்தது. அந்த இரண்டாவது வார்த்தையைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரகசியத்தைப் பொறுப்போடு காப்பாற்றினேன், டீ கிளாஸைக் கழுவி வைக்கும் வரை. மாலைக்குள் பேக்கிங் செக்‌ஷன் வரை போய்விட்டது. பிறகு எதிரே வந்தவர்களெல்லாம் "ஏனுங்கக்கா, கணக்கு எப்படிப் போகுதுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றேன். அக்கா சிரித்தார்.

"பரப்பணும்னுதான உன்ட்ட சொன்னேன். என் மனசு பனியன் துணி தம்பி, இழுத்த பக்கமெல்லாம் வரும். நாலு பேரு கேக்காங்கல்லா, அதுதான் தையல்."

மிகையில்லை. சைக்கிள் ஓட்டப் பழகி, பாதியில் விட்டவர் அவர். டி.வி. தொடர் பார்க்கமாட்டேன் என்று அவர் எடுத்த சபதங்கள் முதல் விளம்பரம் வரைகூடத் தாங்கியதில்லை. ஆனால் இந்த முறை அப்படியில்லை. கரண்ட் போய் மெஷின்கள் நின்றதும் நாங்கள் காற்றும் வம்பும் வாங்க வாசலுக்கு வருவோம். அக்கா கட்டிங் டேபிளில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். "டேபிள் பூரா சமன்பாடுங்க, துணிய எங்கீங்க விரிக்கறது?" என்று மாஸ்டர் என்னிடம் புகார் சொல்வார். ஆனால் ஒரு மூலையை மட்டும் துடைக்காமல் விட்டுவைப்பார்.

பெருமாநல்லூர் பிரவுசிங் சென்டரில் ரிசல்ட் பார்த்தோம். மறுபடியும் கணக்கு. வாழ்க்கையில் முதன்முறையாக நான் வாயை மூடிக்கொண்டேன். கேட்டவர்களிடம் இன்னும் வரவில்லை என்று மழுப்பினேன். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"பெயிலாயிட்டேன்னு சொல்லு. மறுபடி எழுதுதேன்னும் சேத்துச் சொல்லு. நீ வாய மூடிட்டா என்னைய யாரு கேப்பா?"

சொன்னேன். கேட்டார்கள். அடுத்த தடவை பாஸானார். அன்று மட்டும் 'ரகசியம்' என்ற முன்னுரை இல்லாமல் வாசலிலிருந்தே கத்திச் சொன்னார். என் பிழைப்பில் மண் விழுந்தது.

பிறகு எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. இனி டீயில் சர்க்கரை இல்லை என்று அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவரும் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார், கம்பெனிக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்காரரிடம். அதோடு என் டீயின் கதை முடிந்தது. கெஞ்சினாலும், "அக்கா கேக்குமுங்க" என்று கையை விரித்துவிடுவார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அதே பேக்கரிக்குப் போனேன். அவராகவே டீ போட்டு நீட்டி, "மனசு செரியில்லாத நாளுங்க. இன்னைக்கு மட்டும் சக்கரை போட்டிருக்கறனுங்க" என்றார். நல்ல மனிதர். டீயும் நன்றாகத்தான் இருந்தது. முதல் வாயிலேயே கீழே வைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அரை கிளாஸ் காலியான பிறகே வைத்தேன். பனியன் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஒரு தையல் விட்டால் பிரிவது அந்த இடத்தோடு நிற்காது.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தையலைத்தான். போட அவர் இல்லை, நீங்கள்தான் போடவேண்டும். ஆகவே உங்களுக்கு ஒரு ரகசியம்: நான் இனி டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. எந்த பேக்கரி வாசலில் என்னைப் பார்த்தாலும் கேளுங்கள்.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.