காக்கை இல்லாத ஊரில் ஒரு திதி

பினாங்கில் காக்கை இல்லை. இது உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்து தலையும் நரைத்துவிட்டது. காலையில் கோயிலுக்குப் போகிறேன், மளிகைக் கடையைத் திறக்கிறேன், சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்குகிறேன். ஒரு நாளாவது ‘இங்கே காக்கை கத்தக் காணோமே’ என்று தோன்றியதா? தோன்றவில்லை. இல்லாத ஒன்றை யார் கவனிக்கிறார்கள்... அது தேவைப்படுகிற வரையில்?

போன வாரம் தேவைப்பட்டது.

என் அண்ணன் போன தை மாதம் காலமானதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன வாசகர்களை மறக்கவில்லை. அண்ணன் துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர். நடுக்கடலில் நிற்கிற கப்பலிலிருந்து தொங்கான் படகுகளில் சரக்கு இறக்குகிற ஆட்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. பிள்ளை இல்லை. ஆகவே முதல் வருஷத் திதி கொடுக்க வேண்டியவன் நான்.

அதற்காக அண்ணி நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்திருந்தார்.

அண்ணி இதற்கு முன் கடல் தாண்டியதே இல்லை. அண்ணன் கூப்பிடாத வருஷம் கிடையாது. அண்ணி வந்த வருஷமும் கிடையாது. கப்பல் பயம் ஒரு காரணம். அண்ணன் சொல்வதை நம்பாதது இன்னொரு காரணம்.

“ஊருக்கு வந்தா வாய் ஓயாது உங்க அண்ணனுக்கு,” என்று வந்த அன்றே சொன்னார். “அங்க மலை மேல ரயில் ஏறுதும்பாரு. வருஷம் பூரா மழைம்பாரு. சாப்பிட உக்காந்தா பறவை வந்து கையில சோறு வாங்கும்பாரு. ஒண்ணா ரெண்டா? நானும் ம் கொட்டுவேன். நம்பினாத்தானே.”

மறுநாளே அண்ணியை ஆயர் ஈத்தாமுக்கு அழைத்துப்போய் மலை ரயிலைக் காட்டினேன். அது சாய்ந்தபடி மேலே போய் மரங்களுக்குள் மறைகிற வரையில் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது நிஜந்தான்,” என்றார். அன்று முழுவதும் வேறு பேச்சில்லை.

திதி நாள் வந்தது. விடியற்காலையில் கடலில் முழுகி, குருக்கள் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் விட்டேன். வீட்டில் என் மனைவி தனம் படையல் போட்டாள். சோறு, பருப்பு, வாழைக்காய், அண்ணனுக்குப் பிரியமான உளுந்து வடை. ஒரு இலையில் எடுத்துச் சமையலறைக் கூரை மேல் வைத்துவிட்டுக் கையைத் தட்டினேன்.

கா... கா...

பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மரியாதையாக மூடிக்கொண்டாள்.

கா... கா...

சிட்டுக்குருவிகள் வந்தன. இரண்டு மைனா வந்தன. அண்ணி ஒரு குச்சியால் கூரையைத் தட்டி விரட்டினார். “மைனாவுக்கா படைச்சோம்?”

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. வானத்தில் எத்தனையோ பறக்கிறது, கறுப்பாக ஒன்று இல்லை.

குருக்கள் அனுபவஸ்தர். “இங்கே எல்லாரும் பசுவுக்குத்தான் கொடுக்கறா. அந்தந்த தேசத்துக்கு அந்தந்த வழக்கம். தோஷமில்லே, அம்மா.”

“குடுங்க சாமி. நான் வேணாம்னா சொன்னேன்?” என்றார் அண்ணி. “பசுவுக்கும் குடுங்க. காக்கா எடுத்ததும் நான் சாப்பிடறேன்.”

முதல் நாள் ராத்திரியிலிருந்து அண்ணி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கப்பலில் வாந்தியெடுத்து எடுத்து வரும்போதே பாதி உடம்புதான் வந்திருந்தது. நான் சமாதானமாகச் சொன்னேன். “அண்ணி, இங்க காக்கா கெடையாது. கிள்ளான் பக்கம் இருக்குங்கறாங்க. அதுக்கு ஒரு நாள் ரயில்ல போவணும்.”

“அப்ப கெளம்பு.”

சமையலறைக்குள் போனேன். தனம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“காக்காய்க்காக இல்லைங்க. நேத்து எங்கிட்ட சொல்லி அழுதாங்க. கூப்பிட்டப்பல்லாம் வரலைன்னு உங்க அண்ணன் கோவத்தோடவே போயிட்டாராம். இன்னைக்கிச் சோறு எடுக்கலைன்னா கோவம் தீரலைன்னு அர்த்தமாம். பொழுது சாயறதுக்குள்ள எங்கயாவது ஒரு காக்காயப் பாருங்க.”

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு கேட்டது. ‘முருகா, ஒரே ஒரு காக்கை’ என்று வேண்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னாலேயே அண்ணி. கையில் படையல் இலையை மடித்து, வாழைநாரால் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தெருவில் கம்பி கம்பியாகக் குருவிகள். வால் இரண்டாகப் பிளந்த கருநீலக் குருவிகள். போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தாரே, “தந்திக் கம்பியில் இத்தனை குருவி எங்கிருந்து வருகிறது?” என்று... அவைதான். பதில் எழுத அன்றைக்கு எனக்கு நேரமில்லை. இப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு ரிக்‌ஷாக்காரனிடம் திட்டு வாங்கினேன்.

படகுத் துறையில் மீராசா பாய் தன் சாம்பான் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனைத் தொங்கானுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

“டவுன்ல தேடுனா எப்புடிண்ணே? அக்கரையில, பிறை ஆத்து வாய்ல, சேத்துக்குள்ள வேர் விட்டு நிக்கிற பாக்காவ் மரக் காடு இருக்குலா... அங்க ஒண்ணு ரெண்டு கத்தும். ஏறுங்க. அக்கா, நீங்களுமா? கடல் பயம்னு அண்ணன் சொல்வாங்களே.”

“அதெல்லாம் அப்ப,” என்று அண்ணி ஏறி உட்கார்ந்தார். இலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த பறவை கோழி. அதையும் நான் சாப்பிடுவதில்லை. அப்படிப்பட்டவனுக்கு அன்று தெய்வம் ஒரு காட்சி கொடுத்தது. அக்கரை நெருங்கியபோது தண்ணீர் வடிந்து, கண்ணுக்கெட்டிய மட்டும் சேறாகக் கிடந்தது. அந்தச் சேறு திடீரென்று நகர்ந்தது. சேறு நகருமா? பார்த்தால் அத்தனையும் பறவை. சேற்று நிறத்தில் உள்ளான்கள், குச்சிக் காலில் குடுகுடுவென்று ஓடுகின்றன. துடுப்புச் சத்தத்துக்கு எல்லாம் ஒன்றாக எழுந்தன. ஒன்றாகத் திரும்பின. திரும்பியபோது அத்தனை வயிறும் வெள்ளையாக ஒரு மின்னல் அடித்தது. கொஞ்சம் தள்ளி, அரிவாள்போல் கீழே வளைந்த மூக்கோடு கோழி உயரத்துக்கு ஒன்று... மூக்கைக் கண் வரைக்கும் சேற்றுக்குள் விட்டு நண்டை இழுத்தது. இத்தனை வருஷமாக எதிர்க்கரையில் இது நடந்துகொண்டிருக்கிறது. நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“எல்லாம் வாடைக்கு வர்றதுங்க,” என்றார் மீராசா. “ஐப்பசியில வரும். பங்குனி தாண்டினா ஒண்ணும் இருக்காது.”

“எங்க போவும், பாய்?” என்று கேட்டார் அண்ணி.

“அதுங்க ஊருக்கு. வடக்க ரொம்ப தூரம்.”

“சோடியும் கூட வருமா?”

“வரும், அக்கா. வராம என்ன?”

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீராசா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

பாக்காவ் மரங்களை ஒட்டி நின்றோம். அங்கே பட்டுப்போன கட்டை ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு பிடி சோற்றையும் ஒரு வடையையும் அண்ணியே எட்டி வைத்தார். சாம்பானைப் பின்னுக்குத் தள்ளிக் காத்திருந்தோம். நான் கத்தினேன். மீராசாவும் சேர்ந்து கத்தினார். ஒரு முஸ்லிம் சகோதரர் என் அண்ணன் திதிக்குத் தொண்டை கிழியக் கா கா என்று கூப்பிட்டார். இதை நான் இருக்கிறவரை மறக்க மாட்டேன்.

வந்தது.

நிஜமாகவே வந்தது. காட்டுக்குள்ளிருந்து, கன்னங்கரேலென்று, பருத்த மூக்கோடு. கட்டையின் மேல் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. என் வாய் கந்தன் பெயரை முணுமுணுத்தது. காக்கை ஒரு தத்துத் தத்தி... எழுந்து பறந்து காட்டுக்குள்ளேயே போய்விட்டது. ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை.

தண்ணீர் சாம்பானைத் தட்டிக்கொண்டிருந்தது.

“பாத்தியா தம்பி,” என்றார் அண்ணி. அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வந்து, பாத்துட்டு, போயிட்டாரு.”

“அதுக்குப் பயம், அண்ணி. ஆளைக் கண்டு...”

“திருப்பு, பாய். போவோம்.”

சும்மா இருந்திருந்தால் பசுவுக்குக் கொடுத்ததோடு போயிருக்கும். தேடிக் கண்டுபிடித்து அண்ணி நெஞ்சில் ஒரு கல்லை நானே தூக்கி வைத்துவிட்டேன். சாஸ்திரத்தைக் காப்பாற்றப் போய் சில சமயம் மனுஷரைக் கோட்டைவிட்டுவிடுகிறோம், இல்லையா?

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. திரும்பி வருகிற வழியில் தொங்கான்கள் வரிசையாக நின்றன. நாங்கள் அவற்றைக் கடக்கும்போது, கூரையில் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பறவைகள் சில எழுந்து எங்கள் சாம்பானுக்கு மேல் வட்டமிட்டன. உடம்பு வெள்ளை, இறக்கை நுனி மட்டும் கறுப்பு. மூக்கும் காலும் குங்குமச் சிவப்பு. கண்ணுக்குப் பின்னால், குழந்தைக்குத் திருஷ்டிக்கு வைப்பதுபோல் ஒரு மைப்பொட்டு.

மற்றப் படகுகளை விட்டுவிட்டு எங்களையே சுற்றின.

“போ, போ,” என்று மீராசா துடுப்பைத் தூக்கிக் காட்டினார். “இதுங்களோட பெரிய ரோதனைண்ணே. வாடை வந்தாப் போதும், இந்தச் சாம்பானைக் கண்டா விடாது. எல்லாம் உங்க அண்ணன் குடுத்த எடம்.”

அண்ணி நிமிர்ந்தார். “அவரு என்ன பண்ணாரு?”

“தெனம் சோறு போடுவாங்கக்கா. அந்தக் கடைசித் தொங்கான் இருக்கு பாருங்க, அது மொனையில உக்காந்துதான் சாப்பாடு. மொதப் பிடி இதுங்களுக்கு. தூக்கிப் போட மாட்டாங்க, கையைத் தூக்கிக் காட்டுவாங்க. வந்து வாங்கும். ‘ஏன் மேஸ்திரி, மொதல்ல நீங்க சாப்புடுங்களேன்’னா, ‘தனியா எப்புடிய்யா சாப்புடறது, பாய்’னு சொல்வாங்க.”

அண்ணியின் கை இலையின் மேல் அப்படியே நின்றது.

“கையிலயா வாங்கும்?”

“கையிலதான். ஏன், உங்ககிட்ட சொல்லலியா?”

“சொன்னாரு,” என்றார் அண்ணி. “நான் நம்பல.”

வாழைநாரை அவிழ்க்க அண்ணிக்கு நேரம் பிடித்தது. நான் உதவப் போனேன், தள்ளிவிட்டார். ஒரு வடையை எடுத்துக் கையை உயரத் தூக்கினார். என் முருகனை நான் கூப்பிடவில்லை. இன்னொரு தரம் ஏமாந்தால் என்ன ஆகும் என்ற பயம்.

ஒரு பறவை கிட்டே வந்து, ஒதுங்கிப் போனது. அண்ணி கையை இறக்கவில்லை. இரண்டாவது பறவை காற்றில் அப்படியே நின்றது. இறக்கை மட்டும் அடித்தது. சிவந்த மூக்கை நீட்டி, அண்ணியின் விரல் நோகாமல், வடையை வாங்கிக்கொண்டு போனது.

அண்ணி ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பா அழுகையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அத்தனையும் வந்துவிட்டன. சோற்றைப் பிடி பிடியாகத் தூக்கினார். “மெதுவா... மெதுவா. எல்லாருக்கும் இருக்கு. என்ன அவசரம்? நான்தான் வந்துட்டேன்ல?” என்று அவற்றிடம் பேசினார். யாரிடம் பேசினாரோ.

இலையில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பி, பசிக்குது.”

அங்கேயே, சாம்பானிலேயே, அந்த இலையிலேயே சாப்பிட்டார். மீராசா முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டார். கரை நெருங்கியும் சாம்பானைத் துறையில் சேர்க்காமல், அண்ணி கை கழுவுகிற வரையில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. குருக்களிடம் கேட்டேன், “சாமி, காக்கை தொடாததை வேறு பறவை எடுத்தால் கணக்கு உண்டா?” என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அம்மா சாப்பிட்டாளோ?” என்றார். சாப்பிட்டார் என்றேன். “அப்புறம் என்ன?” என்றார். எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. மலையும் கடலும் தாண்டி வருஷா வருஷம் வந்து போகிறதுகளின் பசியைக் கவனித்தவர், அதுகளோடு வராமல் வேறு யாரோடு வருவார்?

அண்ணி அடுத்த கப்பலுக்கே திரும்புவதாக இருந்தது. இப்போது போகவில்லை. பங்குனியில் அவை கிளம்பட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். மத்தியானம் ஆனால், மழை கொட்டினாலும், ஒரு டிபன் கேரியரோடு மீராசாவின் சாம்பானில் ஏறிவிடுகிறார்.

நேற்று ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார். “மலை ரயிலு நிஜம். மழை நிஜம். பறவையும் நிஜம். என் தம்பி ரொம்பக் கெட்டிக்காரன்னு உங்க அண்ணன் சொல்வாரு... அது ஒண்ணுதான் இன்னும் பாக்க வேண்டியிருக்கு.”