என் தந்தையாருக்கு உடல்நலமில்லை

எங்கள் குடும்பத்தில் கடிதம் எழுதும் வழக்கம் என்னோடு தொடங்கி என்னோடே முடிந்துபோனது. நான் எழுதியதும் ஒரே ஒரு கடிதம்தான். அதைப் படித்தவர் கோப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, நாட்டின் மறுகோடிவரை கார் ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு யாருக்கும் எழுத எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது டென்மார்க்கில் தெருவோரத்துச் சிவப்புத் தபாற்பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள். இனி ஆசைப்பட்டாலும் சுலபமில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. டென்மார்க்கின் மேற்குக் கோடியில், ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தோம். அப்பாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். அம்மாவின் தங்கையான என் சித்தி மட்டும் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தார். வரலாறு படித்து என்ன வேலை எடுக்கலாம் என்று அவரைக் கேட்காத உறவினர் கிடையாது. சரி, படிக்கிறதுதான் படிக்கிறார், எங்கள் வரலாற்றைப் படிக்கலாம், டென்மார்க்கின் வரலாற்றையாவது படிக்கலாம். அவர் எடுத்துக்கொண்டதோ, அமெரிக்கா புதிதாகத் தனிநாடான காலத்தில் அங்கே வாழ்ந்த பெரிய நிலக்காரக் குடும்பங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை.

"ஆற்றையோ வீட்டுக் கடிதத்தைக் களவா வாசிக்கிறதுக்கு ஒரு பட்டமோ?" என்று அப்பா கேட்பார்.

"களவா இல்லை அத்தான். அவையள் செத்து இருநூறு வரியத்துக்கு மேலை" என்பார் சித்தி.

அந்தக் குளிர்கால விடுமுறைக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பை நிறைய அந்தக் கடிதங்களின் பிரதிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். வெளியே மழையும் காற்றும். தம்பி தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தான். எனக்குப் பொழுது போகவில்லை. சித்திக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது: ஆங்கிலத்தில் படிப்பதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பார். அப்படிச் சொன்னால்தான் தனக்கு விளங்குகிறது என்பார். நான் டேனிஷில் கேள்வி கேட்டால் பதில் வராது. தமிழில் கேட்டால்தான் வரும்.

அந்தக் கடிதங்கள் எனக்குப் பிடித்துப்போயின. பெற்ற தகப்பனுக்கு மகள் "மாண்புமிகு ஐயா" என்று எழுதுகிறாள். கட்டின மனைவி கணவனைப் பேர் சொல்லாமல் துரை என்கிறாள். லண்டனிலிருந்து சப்பாத்து வாங்கி அனுப்பச் சொல்லி, காகிதத்தில் காலை வைத்துச் சுற்றிக் கோடு கீறி உள்ளே வைக்கிறார்கள். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றது போய்ச் சேரட்டும் என்று ஒரே கடிதத்தை இரண்டு கப்பலில் அனுப்புகிறார்கள். பதில் வராவிட்டால் வருகிற கோபம் மட்டும், எங்கள் வீட்டுக்குக் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் உறவினரிடமிருந்து தொலைபேசியில் வருகிற கோபத்தைப் போலவே இருந்தது.

"இந்தக் கடிதத்தை ஆர் கொண்டு போய்க் குடுக்கிறது?" என்று ஒருமுறை கேட்டேன்.

சித்தி கையிலிருந்த பிரதியைக் கீழே வைத்தார். பக்கத்து ஊர்களுக்கு என்றால் அந்த வீடுகளில் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்கள்தான் நடந்தும் குதிரையிலும் கொண்டுபோனார்கள் என்றார். "கடிதத்திலை எல்லாற்றை பேரும் இருக்கு, குதிரையின்ரை பேர்கூட இருக்கு. கொண்டு வந்த ஆளின்ரை பேர் இல்லை. நான் தேடிக்கொண்டிருக்கிறது அதைத்தான்."

அது எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் நியாயமில்லை என்று மட்டும் பட்டது. நான் கடிதம் எழுதினால் கொண்டுபோகிறவரின் பெயரையும் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த கையோடு எழுதவும் ஆசை வந்துவிட்டது.

கடிதம் எப்படி எழுதவேண்டும் என்று சித்தியிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "முதல் பந்தி எப்பவும் வருத்தம் துன்பம்தான். காய்ச்சல், பித்தம், வைத்தியமெண்டு இரத்தம் எடுத்தது. பிறகு கடவுளின்ரை சித்தம் எண்டு ஒரு வரி. அதுக்குப் பிறகுதான் மற்றக் கதை."

யாருக்கு எழுதுவது என்பதுதான் சிக்கல். எங்கள் உறவினர்கள் எல்லோருமே தொலைபேசியில் இருந்தார்கள். ஒரு நாளில் இரண்டு தரம் பேசுகிறவர்களுக்கு எதற்குக் கடிதம்? யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டிலிருந்து யாரும் தொலைபேசி எடுக்காத ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். கோப்பன்ஹேகனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன்.

அப்பாவும் பெரியப்பாவும் பேசாமல் விட்டது என் தம்பியின் ஞானஸ்நானத்தன்று. பெரியப்பாதான் குழந்தையை ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்பதாக இருந்தது. அன்று பலத்த காற்றினால், கோப்பன்ஹேகன் பக்கத்தையும் எங்கள் பக்கத்தையும் இணைக்கும் கடல்மேல் பாலத்தை மூடிவிட்டார்கள். பெரியப்பா அந்தப் பக்கத்தில் காரோடு மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கத்தில் சுவாமியாருக்கு அடுத்த பூசைக்கு வேறு ஊருக்குப் போகவேண்டும். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிற ஒரு நண்பரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். எல்லாம் முடிந்து நாங்கள் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா குழந்தைக்கான வெள்ளைச் சட்டைப் பெட்டியோடு உள்ளே வந்தார். அப்பாவின் நண்பரின் மடியில் தம்பி இருந்தான். பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல், வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன்தான் முதலில் பேசவேண்டும் என்று தம்பியும், தம்பிதான் என்று அண்ணனும் இருந்துவிட்டார்கள். பெரியம்மா மட்டும் ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துமடல் அனுப்புவார். அதை அம்மா எடுத்து அலுமாரிமேல் வைப்பார்.

முகவரியை அந்த மடலின் உறையிலிருந்து எடுத்தேன். தமிழ்ப் பள்ளியில் எனக்கு எழுத்து அழகு என்று பெயர். முழு அழகையும் காட்டி எழுதினேன். வருத்தம் துன்பம் எழுத வேண்டுமே என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கல்லுப்போல இருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் லேசாகத் தடிமன், மூக்கடைப்பு. அதோடு, கொலஸ்ட்ரோல் பார்ப்பதற்காக டொக்டரிடம் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு அது போதும்.

கடிதம் இப்படித் தொடங்கியது: "மாண்புமிகு பெரியப்பா அவர்களுக்கு, என் தந்தையாருக்கு உடல்நலமில்லை என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன். வைத்தியர் அவரது இரத்தத்தை எடுத்துவிட்டார். இனிக் கடவுளின் சித்தம் எதுவோ அதுவே ஆகட்டும். நாங்கள் கண்ணீரோடு செபிக்கிறோம்." அடுத்த பந்தியில் நீல நிற ரிப்பன் ஒன்று அனுப்பிவைக்கும்படி கேட்டிருந்தேன். கடைசியில், இக்கடிதத்தைத் தபாற்பெட்டிவரை கொண்டுபோகிறவளும் நானே என்று எழுதி, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்" என்று கையெழுத்து வைத்தேன்.

சித்தியிடம் தபால் முத்திரை கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். படித்துப் பார்க்கச் சொன்னதற்குச் சிரித்தார். "செத்த ஆக்களின்ரை கடிதம்தான் நான் வாசிக்கிறது. உன்ரையை ஒட்டு."

ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அமெரிக்கக் கடிதங்களுக்குப் பதில் வர மாதக்கணக்காகும் என்பதால் அதைப் பற்றி மறந்தும்போனேன்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. அப்பா ஏணியில் ஏறி, மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளி எறிந்துகொண்டு, பூசைப் பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார். நான் கீழே வாளியோடு நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் பஸ் சாரதியின் சீருடையில் இருந்தார். ஒரு கையில் தோடம்பழப் பை, மற்றக் கையில் செபமாலை. கார்க் கதவைச் சாத்தக்கூட இல்லை. அண்ணாந்து ஏணியைப் பார்த்தபடி நின்றார்.

பாட்டு நின்றது.

"இறங்கு" என்றார் பெரியப்பா.

அப்பா அந்த அதட்டலைச் சிறுவயதிலிருந்தே கேட்டவர்போலச் சட்டென்று இறங்கினார். கையெல்லாம் சேறு. பெரியப்பா நெருங்கி வந்து, புறங்கையை அப்பாவின் நெற்றியில் வைத்தார். பிறகு கழுத்தில். பிறகு கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லை?"

"எனக்கென்ன காய்ச்சல்?"

"இரத்தம் எடுத்ததெண்டு?"

"ஓம், கொலஸ்ட்ரோலுக்கு. ஏன்?"

பெரியப்பா இரண்டு எட்டு பின்னால் போய், ஈரமாகக் கிடந்த படியில் அப்படியே உட்கார்ந்தார். தோடம்பழங்கள் உருண்டன. அவருடைய தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். ஒரு பெரிய ஆள் அழுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் கண்டது அதுதான் முதல் தடவை.  அம்மாவும் சித்தியும் ஓடிவந்தார்கள்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா சத்தமாகப் படிக்கத் தொடங்கி, "கடவுளின் சித்தம்" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் கடைசியில். "அது அமெரிக்காக்காரர் எழுதுற முறை. நான்தான் சொல்லிக் குடுத்தன்."

"எந்த அமெரிக்காக்காரர்?" என்று பெரியப்பா கேட்டார்.

"செத்துப்போன ஆக்கள்" என்று நான் உதவிக்குச் சொன்னேன். அது ஒருவருக்கும் உதவவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியப்பா மற்றப் பையில் கைவிட்டு ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உள்ளே செம்மண் இருந்தது. இலங்கையின் மடு மாதா கோயில் மண். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்ததை இத்தனை வருடமும் வைத்திருந்தாராம். "உனக்குப் பூசலாமெண்டு" என்றார்.

அப்பா போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் கோணிக்கொண்டு வந்தது. "அண்ணை," என்றார், "இது பாம்பு கடிச்சாலல்லோ பூசுறது?"

பெரியப்பா போத்தலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு அல்ல. அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியப்பா படியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எல்லாம் நலமா என்று கேட்டார். நலம் என்று அம்மா சொன்னார்.  எனக்கு அடி விழாது என்பது அப்போதுதான் உறுதியானது. 

"சாப்பிட்டுப் போகலாம், அண்ணை" என்றார் அப்பா.

"ஓம்" என்றார் பெரியப்பா.

அன்று மீன்குழம்பும் புட்டும். பெரியப்பா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். தம்பி அவரை யாரென்று தெரியாமலே மடியில் ஏறி, சீருடையின் பொத்தான்களை எண்ணினான். ஞானஸ்நானத்தைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. கைகழுவும் இடத்தில் அம்மா மட்டும் பெரியப்பாவிடம் கேட்டார். "அத்தான், ஒரு போன் அடிச்சிருக்கலாமே? இவ்வளவு தூரம் பயந்துகொண்டு வந்திருக்கிறியள்."

"நம்பர் எங்கையோ தவறிப்போச்சு" என்றார் பெரியப்பா, துவாயில் கையைத் துடைத்தபடி. அம்மா சரி என்று தலையை ஆட்டினார்.

அடுத்த கிழமை தபாலில் நீல ரிப்பன் வந்தது. பிறகு போக்கும் வரவும் பேச்சும் வழமையாகிவிட்டன. கோயிலில் எனக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்தபோது, ஞானத்தகப்பனாகப் பெரியப்பாதான் என் தோளில் கைவைத்து நின்றார். இவ்வளவுக்கும் காரணம் என் தமிழ் என்று நான் உள்ளுக்குள் பெருமையாகவே வளர்ந்தேன். "கண்ணீரோடு செபிக்கிறோம்" என்ற வரிதான் அவரை அசைத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

வளர்ந்து கோப்பன்ஹேகனுக்கு வேலைக்கு வந்த புதிதில் சில மாதங்கள் பெரியப்பா வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஒருநாள் சமையலறையில் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நம்பர் தொலைந்த கதையைச் சொன்னேன். பெரியம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே சிரித்தார்.

"நம்பரோ? அது மனுசனுக்கு மனப்பாடமெல்லே. போனை எடுத்துக் கேளுங்கோ, கேளுங்கோ எண்டு நான் கத்தினன். அடிச்சார். மணி போக முதல் வைச்சிட்டார். திரும்ப அடிச்சார், திரும்ப வைச்சிட்டார். என்ன எண்டு கேட்டா, எடுத்தா ஒண்டுமில்லை, சுகமா இருக்கிறான் எண்டு சொல்லிப்போடுவினமாம். பிறகு தான் எதைச் சொல்லிக்கொண்டு அங்கை போறதாம்?"

 தன் தம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாதே என்ற பயம் ஒரு பக்கம். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துவிட்டால் போக முடியாதே என்ற பயம் மறுபக்கம். இரண்டையும் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அவ்வளவு தூரம் கார் ஓட்டியிருக்கிறார். அன்று வாளியோடு நின்ற எனக்கு அதில் எதுவும் தெரியாது. ரிப்பன் கொண்டுவந்தாரா என்று காருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.