தவசி கழுவிய கற்கள்

தவசியண்ணன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அவர் செய்தது பெரிய தப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். செய்ததைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அதை வாய் திறந்து சொன்னாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஒரு பிள்ளையின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கும். அவருக்கும் வேலை இருக்கும்.

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி போகிற வழியில், உப்பு பூத்த பொட்டலில் ஒரு தகரக் கொட்டகை நிற்கிறது. முப்பது வருடத்துக்கு முன் எண்ணெய் தேடி வந்த ஒரு கம்பெனி, பூமியைத் துளைத்து எடுத்த கற்களை அங்கே வைத்துவிட்டுப் போனது. உலக்கையைத் துண்டு துண்டாக நறுக்கியது போல இருக்கும். எந்த ஆழத்தில் எடுத்தது என்று ஒவ்வொரு கல்லிலும் மையால் எழுதி, முப்பது மரப்பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். பிறகு கொட்டகை ஓர் அரசு அலுவலகத்தின் பொறுப்புக்கு வந்தது. மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த தவசியண்ணன் அங்கே காவலுக்குச் சேர்ந்தார். அது ஆயிற்று பத்தொன்பது வருடம்.

நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். அந்தப் பக்கம் லோடு போனால் வண்டியை நிறுத்தி அவரைச் சீண்டாமல் வரமாட்டேன்.

"கல்லுக்குப் போயி காவலாண்ணே? எந்திரிச்சு ஓடிருமா?"

"கல்லு ஓடாதுலே வசந்தா. எலி வந்து பெட்டியக் கடிச்சுருதுல்ல, அத யாரு பாக்குறது?"

உண்மையிலேயே அப்படித்தான் பார்த்துக்கொண்டார். சொந்த வீட்டுக் கூரை ஒழுகியது. கொட்டகைத் தகரத்தில் ஓர் ஓட்டை விழ விடமாட்டார்.

ஐந்து வருடத்துக்கு முன் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. ஓடை வழியாகக் கடல்தண்ணீர் ஏறி வந்து கொட்டகைக்குள் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த இரண்டு பெட்டிகள் மட்டும் முங்கிவிட்டன. ஒன்றில் ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்துக் கல், மற்றதில் இரண்டாயிரத்து நானூறு மீட்டர் ஆழத்துக் கல். தண்ணீர் வடிந்து வெயில் அடித்ததும் கல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது.

எங்கள் பக்கம் உப்புத்தண்ணீர் பட்ட சாமானை அப்படியே விடுகிறவன் கிடையாது. சைக்கிளோ, கதவுக் கீலோ, எதுவானாலும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் மறு வேலை. அலுவலகத்துக்குச் சொல்லி ஆள் வருவதற்குள் கல் உதிர்ந்துவிடும் என்று அண்ணனுக்குப் பயம். குடிப்பதற்கு வைத்திருந்த லாரித் தண்ணீரை எடுத்து, தேங்காய் நாரால் ஒவ்வொரு கல்லையும் தேய்த்துக் கழுவினார். உப்போடு மையும் போய்விட்டது. அதைக் கவனித்தபோது அநேகமாக எல்லாவற்றையும் கழுவி முடித்திருந்தார். இரண்டையும் தனித்தனிக் குவியலாகத்தானே வைத்திருக்கிறோம் என்று தார்ப்பாயில் காயப்போட்டார். மத்தியானம் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அள்ளிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் எந்தக் குவியல் எந்தப் பெட்டி என்பது தடுமாறிப் போயிற்று. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கொட்டகையை ஒட்டிய உப்புக் கிணற்றுப் பக்கம் கிடந்ததுதான் பெரிய ஆழம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை நம்பி, மை வாங்கி வந்து தானே எண்களை எழுதினார். கல்லைத் தொட்டதே குற்றம், வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறு வருடம் மதுமதி வந்தாள். கமுதிக்குப் பக்கத்துக் கிராமம், மிளகாய் போடுகிற குடும்பம். ஆராய்ச்சி என்று அந்த ஊரிலிருந்து கிளம்பிய முதல் ஆள் அவள்தான். வருடத்துக்கு நாலைந்து தடவை வந்து, கல்லில் துண்டு வெட்டி மூட்டை கட்டுவாள். மூட்டையை ரயிலடிக்குக் கொண்டுபோவது என் வண்டி. இதில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுக்குள்ள அபடைட்னு ஒரு தாது இருக்குண்ணே. மணல விடப் பொடிசு. அதுல கொஞ்சூண்டு யுரேனியம் இருக்கும். அது உடைய உடையக் கீறல் விழுந்துக்கிட்டே இருக்கும். சூடு ஏறினா கீறல் அழிஞ்சுரும். ஆறினா மறுபடி விழும். கீறல எண்ணினா, அந்தக் கல்லு ஆறி எத்தனை கோடி வருசம்னு சொல்லிரலாம். நம்ம ஊரு தரை எப்பத் தாழ்ந்துச்சு, எப்ப எந்திரிச்சுச்சுன்னு அதுலயே தெரிஞ்சுரும்."

டயர் தேய்மானத்தைப் பார்த்து வண்டி ஓடிய தூரத்தைச் சொல்வது போல என்று நான் எடுத்துக்கொண்டேன். தவசியண்ணனோ, தான் காத்த கல்லுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதே என்று பூரித்துப் போனார். அவள் வருகிற நாளில் சவரம் செய்துகொள்வார்.

இந்தத் தை மாதம் அவள் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். ஆய்வேடு தயார், அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் கொடுக்கப் போகிறாள்.

"கீழ போகப் போகச் சூடு கூடும்ல, அதனால ஆழத்துக் கல்லுலதான் கீறல் கம்மியா இருக்கணும். இங்க தலைகீழா இருக்குண்ணே! அப்படின்னா ஒரு காலத்துல பூமி நெருக்கி, அடியில கெடந்த பாறை பிளந்து மேல ஏறியிருக்கு. இத இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல."

"எந்தக் கல்லு தாயி?" என்று கேட்டார் தவசியண்ணன்.

"ஆயிரத்து எரநூறும் ரெண்டாயிரத்து நானூறும்தான்."

கையிலிருந்த லட்டை அவர் வாயில் வைக்கவே இல்லை. அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"வாய மூடிக்கிட்டு இருங்கண்ணே. மாத்தி வச்சோம்னு உங்களுக்கே உறுதியாத் தெரியாதுல்ல?"

"தெரியலடா. சரியாவும் வச்சிருக்கலாம்."

"அப்ப சரியாத்தான் வச்சிருக்கீங்க. போயித் தூங்குங்க."

அவர் தூங்கவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அவரைக் கமுதிப் பக்கம் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம் திட்டினேன், ஆனாலும் கூட்டித்தான் போனேன்.

மதுமதி வீட்டு முற்றத்தில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் நின்றபடியே சொன்னார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கேட்டாள்.

"எல்லாக் கல்லையும் கழுவிட்டீங்களா?"

"அந்த ரெண்டு பெட்டி முச்சூடும் தாயி."

"நம்பர் எழுதுனது?"

"நான்தான்."

"எது எதுன்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியுமாண்ணே?"

"முடியாது தாயி."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருசம்ணே" என்று மட்டும் சொன்னாள். நன்றாக நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அவள் அம்மா கொண்டுவந்து வைத்த மோர் அப்படியே இருந்தது.

துளை போட்ட காலத்துப் பதிவுகள் கிடைக்குமா என்று கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். இல்லை என்று பதில் வந்தது. அந்தத் தாது இருந்ததே அந்த இரண்டு பெட்டிக் கல்லில்தான், அதை விட்டால் ஆய்வேட்டில் ஒன்றும் மிஞ்சாது. புதிதாக ஆரம்பிக்கக் காலக்கெடுவும் இல்லை. ஆய்வேட்டை ஏன் கொடுக்கவில்லை என்ற காரணத்தை மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். இப்போது கமுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அவள் கண்டுபிடித்தது நிஜமாகவே நடந்திருக்கலாம். பூமி நெருக்கி, பாறை பிளந்து, மேல் ஏறியிருக்கலாம். அப்படி நடந்ததா இல்லையா என்று சொல்ல அந்தக் கல்லில் இனி வழி இல்லை.

மதுமதி எழுதிக் கொடுத்த காரணம் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. போன மாதம் அங்கிருந்து ஓர் அதிகாரி உத்தரவோடு வந்தார். கற்களின் அடையாளம் நம்பத் தக்கதாக இல்லை, கொட்டகையைக் காலி செய்ய வேண்டும், காவல் வேலையும் அந்த மாதத்தோடு முடிகிறது. கற்களைச் செம்மண் தோண்டிய பழைய பள்ளத்தில் கொட்ட என் வண்டியைத்தான் பேசியிருந்தார்கள். தவசியண்ணன் அதிகாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், அந்த ரெண்டு பெட்டிய மட்டும் கொட்டுங்க. மத்த இருபத்தெட்டும் மேல் தட்டுல இருந்துச்சு, தண்ணி தொடவே இல்ல. பழைய மை அப்படியே இருக்கு, பாருங்க. அதுல நான் கை வைக்கல சார்."

அதிகாரி சத்தம் போடவில்லை. சாந்தமாகத்தான் கேட்டார். "கை வைக்கலன்னு யாருய்யா சொல்றது?"

"நான்தான் சார் சொல்றேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பி, "ஏத்துப்பா" என்றார்.

முதல் பெட்டியின் ஒரு முனையைத் தவசியண்ணன் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.