அக்கா எழுதிய பிள்ளை

“தம்பிக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. விரலைக் கொடுத்தால் கடிக்கிறான்.” அக்கா அத்தானுக்கு இந்த வரியை எழுதிய நீல நிற வான்கடிதம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எழுத்து நேராக, ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தது. அவள் பெற்ற அந்தப் பிள்ளையைத் தாழ்வுபாட்டுச் சேமக்காலையில் அடக்கம் செய்து அப்போது அரை வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அத்தான் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தந்தி வந்து புறப்பட்டுவிட்டார். கப்பல் பாரசீக வளைகுடாவில் ஓடியது. அங்கும் சண்டை, எங்கள் மன்னாரிலும் சண்டை. அவர் கடிதங்களில் சண்டை இருக்காது. இன்று என்ன கறி, சோளகக் காற்று தொடங்கிவிட்டதா, முருங்கை காய்த்ததா என்றுதான் கேட்பார். “நானும் கடற்கரையில் பிறந்தவன்தான். ஆனால் இந்தக் கடலில் எனக்கு நித்திரை வருவதில்லை. இதற்கு எண்ணெய் மணம் மட்டுமே உண்டு” என்று ஒருமுறை எழுதியிருந்தார். அக்கா அதை வாசித்துவிட்டு வாசலில் போய் நின்று கடலைப் பார்த்தாள்.

அவளுக்கு வலி கண்ட அன்று பட்டணத்துக்குப் போகிற வீதியை ஆமி மறித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வீட்டிலேயே பிறந்த ஆண்பிள்ளைக்கு மத்தியானம் வரைதான் மூச்சிருந்தது. அத்தான் கடிதத்தில் எழுதியிருந்த பெயரையே சொல்லி, அம்மா தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தார்.

பிள்ளை சுகம் என்று அக்கா எழுதியதைப் பார்த்து, “இதென்னக்கா எழுதுறாய்?” என்று கேட்டேன்.

“தனிச்சுக் கிடக்கிற மனுசன். கேட்டால் என்ன செய்வார்? வரட்டும், நேரில சொல்லுறன்.”

முதலில் அவருக்காகத்தான் எழுதினாள். பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தை எப்போது குப்புற விழுகிறது, எப்போது தவழுகிறது என்று கவனிக்கத் தொடங்கினாள். ஒருநாள் நான் அறைக்குள் சத்தமாகப் பேச, “மெல்லக் கதையடி” என்றாள். யார் நித்திரை என்று நான் கேட்கவில்லை.

பிறகு அத்தானிடமிருந்து வேறு மாதிரியான கடிதம் வந்தது. “எங்கள் கப்பலிலும் குண்டு விழுந்தது. கூட வேலை செய்த இருவர் போய்விட்டார்கள். உமக்கு மறைத்தேன். மன்னார்ச் செய்தியை வானொலியில் கேட்கிறேன், நீரும் மறைக்கிறீர். இனி இருவரும் உண்மையையே எழுதுவோம்.”

அக்கா அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் எல்லாவற்றையும் எழுதினாள்: வீதி மறித்தது, மத்தியானம் வரை இருந்த மூச்சு, பல் முளைத்த பொய், எல்லாம்.

பதில் பம்பாயிலிருந்து வந்தது. கப்பலை விட்டு இறங்கிவிட்டாராம். “பிள்ளையிடம் ஒருதரம் போகவேண்டும். நான் வாறன்” என்பதோடு முடிந்திருந்தது. அப்போது இந்தியாவிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடவில்லை. மன்னாரிலிருந்து சனம் படகில் இராமேஸ்வரத்துக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்த காலம். அவர்களை ஏற்ற அங்கிருந்து வெறுமையாகப் புறப்பட்ட ஒரு படகில், எல்லோரும் போன திசைக்கு எதிராக, அத்தான் ஏறினார். ஏறியதைப் பார்த்தவர்கள் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். படகு கரைக்கு வரவில்லை. நேவி சுட்டதாகச் சிலர் சொன்னார்கள், காற்று என்றார்கள் வேறு சிலர். உடல் கிடைக்கவில்லை.

அக்கா ஒப்பாரி வைக்கவில்லை. ஒரேயொருமுறை, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னாள். “பிள்ளை நடக்கிறான் எண்டு எழுதியிருந்தால், அந்த மனுசன் அங்கேயே இருந்திருக்கும்.”

நான் கலியாணம் முடித்துத் திருச்சிக்கு வந்துவிட்டேன். சண்டை முடிந்தும் ஆண்டுகள் பல ஆயின. தொலைபேசியில் எப்போது கேட்டாலும் தனக்குச் சுகம் என்பாள். வாறன் என்றால் மட்டும் பதறுவாள். போன வருடம் அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அவளுக்குச் சொல்லாமலே புறப்பட்டேன்.

தடியை ஊன்றிக்கொண்டு வாசல் படலையடிக்கு வந்தாள். சுகம் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. என் சீலைத் தலைப்பைப் பிடித்து, ஈரமா என்று பார்ப்பதுபோல விரல்களுக்கிடையில் கசக்கினாள்.

“எந்த வழியால வந்தனீ?”

“பிளேனில கொழும்புக்கு. பிறகு பஸ்ஸக்கா.”

“கடலால வரேல்லையே?”

“இல்லை.”

அதன் பிறகுதான் தலைப்பை விட்டாள்.